வாய் தெரிகிற காமிரா

பாபு,

எல்லாரும் இங்கே நலம் என்று தொடங்கினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று தொடங்கினால் நீ ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்பாய். அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். டாக்டர் என் வாயைக் கட்டியிருக்கிறார். தொண்டைக் கட்டியை எடுத்த இடம் ஆறும்வரை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அடுத்த முறை அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் குரல் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. ஊரிகம் சுரங்க லைன் வீடுகளில் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்களாம். என் கையையும் கட்ட வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றவில்லை. அதனால் எழுதுகிறேன். இது உனக்குத் தபாலில் வரும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படி.

நேற்று நீ கேட்டிருந்தாய். உன் பாப்பா பள்ளிக்கூட விழாவில் பாடப்போகிறாள், அதை எடுக்க ஒரு சின்ன காமிரா வேண்டும், "உங்க வீடியோல சவுண்ட் சூப்பர்மா, எந்த மாடல், லிங்க் அனுப்புங்க" என்று. வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய காமிரா வைத்திருப்பவன் நீ. ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும் என்று அந்த அலமாரிக்கு மின்சாரம் கொடுத்து, உள்ளே சின்ன விளக்கும் எரிய வைத்திருக்கிறாய். இங்கே நம் வீட்டில் சாமிக்குக்கூட அப்படி ஓர் அலமாரி கிடையாது. அப்பேர்ப்பட்டவன், தையல் மிஷின் மேல் காமிராவை நிறுத்திப் படம் எடுத்த அம்மாவிடம் லிங்க் கேட்கிறாய். சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரிக்கவும் கூடாதாம்.

மாடல் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதைவிடப் புதிதாக எது வந்திருக்கிறது என்று தேடி, அதைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கி, அதற்கு ஒரு பை, பைக்கு ஓர் உறை என்று போய்விடுவாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது உன் விஷயத்தில் பழமொழியே இல்லை, அன்றாடம் நடப்பது. நானும் உன் அப்பாவும் அதை எப்படிப் பொறுக்கி எடுத்தோம் என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ எடுத்த படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன மார்கழியிலிருந்து அது என் தொண்டையில் நிற்கிறது. டாக்டர் எடுத்த கட்டிக்குப் பக்கத்தில் இதையும் பார்த்திருப்பார்.

நம் லைன் பஜனை உனக்குத் தெரியும். அம்மன் கோயிலில் விளக்கேற்றி, லைன் லைனாகப் பாடிக்கொண்டே போய், கடைசி வீட்டில் காபி குடித்துவிட்டுத் திரும்புவோம். அவ்வளவுதான். அதை எடுக்கிறேன் என்று நீ வந்தாய். உன் கூட ஒரு நண்பன், முழங்கால்வரை பூட்ஸ், பறக்கிற காமிரா ஒன்று. வந்ததும் வராததுமாக, சூரியன் அங்கேதான் நன்றாக எழும், பஜனையை சயனைடு மேட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றான். எங்கள் பஜனை எந்தக் காலத்தில் சயனைடு மேட்டுக்குப் போயிற்று? பொன்னை அரைத்து எடுத்த பிறகு கொட்டிய விஷ மண். அங்கே எந்தச் சாமி குடியிருக்கிறது? நீ வாயே திறக்கவில்லை. அவனுடைய பூட்ஸைப் பார்த்து மயங்கிவிட்டாய் போல. பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் காற்றில், அந்த மண்ணில் ஏறினோம். பாட ஆரம்பித்தால், "ஆன்ட்டி, ஒன் மோர் டேக்" என்பான். மறுபடி ஆரம்பித்தால் சூரியன் இன்னும் கொஞ்சம் வரட்டும் என்பான். அம்மனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தோம் அன்றைக்கு. அவள் இடத்தில் நானாக இருந்தால் உங்கள் காமிராவின் கண்ணைக் குத்தியிருப்பேன்.

படம் வந்தது. வானத்திலிருந்து மேடு தெரிந்தது. பாழடைந்த சுரங்க ஷாஃப்ட்டின் சக்கரம் தெரிந்தது. துருப்பிடித்த பூட்டு ஒன்று வெகுநேரம் தெரிந்தது. ஒரு நாயின் முதுகு. என் குதிகால் வெடிப்பு, அவ்வளவு துல்லியமாக. அதற்குத்தான் அந்த லென்ஸ் வாங்கினாய் என்றால் காசு வீண் போகவில்லை. பிறகு எங்களை எல்லாம் வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்திக் கருப்புக் கருப்பாய்க் காட்டினாய், வரிசையாகக் காக்கா உட்கார்ந்த மாதிரி. என் குரலைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அதனால் நீ ஒரு புல்லாங்குழலைச் சேர்த்து, என்னை அடுத்த தெருவில் பாடவைத்தாய். பார்த்தவர்கள் எல்லாம் புல்லரித்துப்போனதாக எழுதினார்கள் என்று காட்டினாய். எதைப் பார்த்துப் புல்லரித்தார்கள்? என் குதிகாலையா?

உன் அப்பா அந்தப் படத்தைப் போனில் பார்த்தார். பிறகு டிவியில் போடச் சொல்லி, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுப் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் கேட்டது இதுதான்.

"பாடறது யாரு?"

நான்தான் என்றேன்.

"உன் வாய் எங்க?"

நீ சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டி, அது ஆர்ட்டுப்பா என்றாய். அவருக்கு அது கேட்கவில்லை. கேட்காமல் போனது நல்லதற்குத்தான்.

உன் அப்பாவின் காதைப் பற்றி உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது என்று ஒன்றுமே இல்லை. தெரிந்ததை எந்த இடத்தில் எடுத்துப் பயன்படுத்துவது என்பதுதான் தெரியாது. ஆனாலும் சொல்கிறேன், பாப்பாவுக்கு நீ சொல்ல வேண்டியிருக்கும். அவர் சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற மிஷின் பிடித்தவர். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலையில் கட்டிய விளக்கை எதிராளியின் முகத்தில் அடித்து, உதடு அசைவதைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை, ஏனென்றால் காது போய்விட்டது. சுரங்கத்தை மூடியபோது எல்லாருக்கும் கணக்குத் தீர்த்துக் கொடுத்தார்கள், காதை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கனத்த சத்தம் ஏதோ கொஞ்சம் எட்டும். பெண்குரல் எட்டவே எட்டாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பாட்டை அவர் கேட்டதெல்லாம் என் வாயைப் பார்த்துத்தான். எதிரே உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்ப்பார். லைனில் கேலி செய்வார்கள். பொண்டாட்டி வாயப் பார்த்துக்கினே குந்திங்கீறான் என்று பெண்கள் என் காதுபடவே சொல்வார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும்.

அந்த மனிதரிடம்தான் நீ பூட்டையும் நாயையும் காட்டினாய்.

பிறகு கட்டி வந்தது. பெங்களூர் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எடுத்துவிடலாம், உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது என்றார். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் குரல் சில நாள் கம்மிப்போகலாம், சிலருக்கு அப்படியே நின்றும்விடலாம் என்றார். திரும்பி வரும் ரயிலில் உன் அப்பாவிடம் இதை வாயசைத்துச் சொன்னேன். கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தோம். வண்டி பங்காருப்பேட்டையில் நின்றதும், "பாட்டு?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப முன்னாடியே எட்த்து வெச்சிக்கணும்" என்றார். ஆபரேஷனைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? ஆபீசில் ஏதோ ரிலீஸ், அடுத்த மாதம் ஆளோடு வருகிறேன், லைட் எல்லாம் கொண்டுவந்து சரியாக எடுத்துவிடலாம், அவசரம் என்றால் இப்போதைக்குப் போனிலேயே எடுங்கள் என்றாய். என் தொண்டைக் கட்டி உன் ரிலீசுக்காகக் காத்திருக்குமா? கல்யாணம் முடிந்த பிறகு மேளகாரனைக் கூட்டிவருகிற பிள்ளை நீ. அன்றைக்குப் போனை வைத்த பிறகு நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், நீ வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளாதே.

சரி, போனில் எடுத்துப் பார்த்தோம். அதன் லட்சணத்தையும் தெரிந்துகொள், பாப்பாவை அதில் எடுத்துவிடாதே. நான் சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடினேன். திரும்பப் போட்டுக் கேட்டால் சுருதியையே காணோம். விடாமல் ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டிருப்பது எல்லாம் இரைச்சல் என்று போனே முடிவு செய்து துடைத்துவிடுகிறதாம். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நான் குரலைத் தாழ்த்தினால் அது ஏற்றுகிறது, ஏற்றினால் அமுக்குகிறது. நான் மூச்சு வாங்குகிற இடைவெளியில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் குக்கர் எனக்கு மேலே பாடுகிறது. இதற்கு நடுவே உன் அப்பாவின் விரல். மிஷின் பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல். குளிர் நாளில் வெளுத்துவிடும். கண்ணாடித் திரையை அவர் தொட்டால் அது அசைவதில்லை. அழுத்தினால் வேறு எதற்கோ போகிறது. ஒரு முறை முழுப் பாட்டுக்கும் என் மூக்குத்துவாரத்தை மட்டும் எடுத்து வைத்திருந்தார். உன் படத்துக்கு அது எவ்வளவோ தேவலை, அதிலாவது வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

அதனால் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு காமிராக் கடைக்குப் போனோம். ஒயர் கூடையில் சுருதிப்பெட்டியை வைத்து எடுத்துக்கொண்டேன். கடைக்காரருக்கு உன் வயதிருக்கும். எடுத்த எடுப்பில், "டிராவலா மேடம், வெட்டிங்கா?" என்றார். பாட்டு என்றேன். உடனே தலைக்கவசத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதிக்கிற காமிரா ஒன்றை எடுத்து வைத்தார். இந்த வயதில் நான் எந்தக் கிணற்றுக்குள் குதித்துப் பாடப்போகிறேன் என்று கேட்டேன். பிறகு கண்ணாடிக்குள் இருந்த பெரிது பெரிதானவற்றைக் காட்டி, இத்தனை பிக்சல், அத்தனை பிக்சல் என்று ஒப்பித்தார். எல்லாவற்றிலும் படத்தைக் காட்டினாரே தவிர ஒன்றிலும் சத்தத்தைக் காட்டவில்லை. கடை முழுக்க உன் அலமாரி மாதிரியே இருந்தது.

கடைசியில் நான் சொன்னேன். இங்கேயே பாடுகிறேன், விலை குறைந்ததாக நாலு வகை எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றிலும் எடுத்துத் திரும்பப் போடுங்கள், எது சரியோ அதை வாங்கிக்கொள்கிறோம் என்று. அவர் முழித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஃபேனை நிறுத்தினார். நான் சுருதியைப் போட்டு அம்மன் பாட்டை ஆரம்பித்தேன். எடுத்ததைத் திரும்பப் போடும்போது காதில் மாட்டுகிறதை நான் மாட்டிக்கொள்வேன். சத்தத்தைச் சோதிப்பது என் வேலை. உன் அப்பா சின்னத் திரையை மட்டும் பார்ப்பார். நான் பாட்டில் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. இப்படி ஒரு சோதனையை உன் யூடியூப் பண்டிதர்கள் எவனாவது செய்திருக்கிறானா?

முதலாவதில் அவர் தலையை ஆட்டிவிட்டார். "வாய் கொழையுது. வெத்தல போட்டுக்கினு பாடற மாரி கீது" என்றார். கடைக்குள் வெளிச்சம் குறைவு. அந்தக் குறைவில் அந்தக் காமிரா உதட்டை மெழுகிவிட்டது. இன்னொன்றில் படம் பளிச்சென்று இருந்தது, ஆனால் சத்தம் போன் செய்த அதே திருகுதாளத்தைச் செய்தது. தானாக ஏற்றி இறக்குவதை நிறுத்த வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். தள்ளிவைத்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிறது என்று ஒன்றைக் காட்டினார். பாடுகிறவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எதற்கு இழுக்க வேண்டும்? நாம் எழுந்து கிட்டே போனால் ஆயிற்று.

பிறகு உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒன்று வந்தது. தலையில் நத்தைக்கொம்பு மாதிரி இரண்டு மைக். சத்தத்தின் அளவை நாமே வைத்துவிட்டால் அது அங்கேயே நிற்கும், தன் இஷ்டத்துக்கு ஆடாது. காதில் மாட்டிக் கேட்க ஒரு துளை. சுவரில் சொருகிவிட்டால் பேட்டரி தீருமே என்ற கவலை இல்லை. கார்டு நிறைகிறவரை நடுவில் வெட்டாமல் ஓடும். லென்ஸ் அசையாது, உன்னை மாதிரி ஆள் கையில் கொடுத்தாலும் நாய் முதுகுக்குத் தாவ வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நிஜமான பட்டன் ஒன்று, அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி. மரத்த விரலுக்கும் அது பிடிபட்டது. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் முகமும் எரிந்தது. நான் பாடியதைத் திரையில் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேப்பிலகிட்ட வந்துட்டா. இப்ப மூச்சு வாங்கறா. தோ, மறுபடியும் மேல போறா."

என் காதில் அதே நேரம் வேப்பிலை வந்தது, மூச்சு வந்தது, மேலே போனது. சார்ஜர் வாங்க வந்த ஒரு பெண் பிளாஸ்டிக் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு அம்மனுக்குக் கை கூப்பி நின்றாள். கடைக்காரர் கடைசி முயற்சியாக, இதில் படம் அவ்வளவு நுணுக்கமாக வராது மேடம், ஃபோர்-கே இல்லை என்றார். என் முகத்தில் இருக்கிற சுருக்கம் இதிலேயே போதுமான அளவு தெரிகிறது என்றேன். விலை என்ன என்று கேட்காதே. உன் அலமாரியில் இருக்கிற ஒரு லென்ஸை விற்றால் நம் லைனுக்கே வாங்கிக் கொடுக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மத்தியானம் வீட்டிலேயே எடுத்தோம். கஸ்தூரி ஜால்ராவோடு வந்தாள், பஜனைப் பெண்கள் வந்தார்கள். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரப் போனேன். நீ சொல்லிக்கொடுத்த புத்தி, வெளிச்சம் பின்னால் இருந்தால் அழகு என்று. உன் அப்பா என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "லாம்பு மூஞ்சில வுழணும். முதுவுல வுழுந்தா ஆளு யாருன்னு தெரியாது" என்றார். தையல் மிஷின் மேல் காமிராவை வைத்து, என் முகமும் மார்புவரைக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினார். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் பலகையில் டக் டக் என்று தட்டினார், சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜ் கிளம்புவதற்கு முன்னால் மணி கொடுக்கிற மாதிரி. நீ பார்த்திருப்பாய், எல்லாப் பாட்டுக்கும் முன்னால் அது இருக்கும். அதை வெட்டிவிடட்டுமா என்று நீ கேட்டிருந்தாய். கை வைத்தால் தெரியும்.

முதல் பாட்டைப் பாடி முடித்துக் காதில் மாட்டிக் கேட்டால், அரிசி மூட்டைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. பயந்துபோனேன். குரல் அதற்குள் போய்விட்டதா என்றுகூட நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், அந்த இரண்டு மைக்கின் மேலும் பஞ்சை வைத்து, துணியால் சுற்றி, நூலால் கட்டியிருக்கிறது. உன் அப்பாவின் வேலை. சுரங்கத்தில் மூடாமல் வைத்த எதுவும் கல்தூசி அடைத்துப் பாழாகிவிடும். அவர் காதுக்குச் செய்ததை மைக்குக்கும் செய்திருக்கிறார். "புதுசு, தூசி பூந்துடும்னு கட்னேன்" என்றார். பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. முகம் சுண்டிப்போயிற்று. உலகத்தில் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஞ்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். நீயும் முதல் பாட்டு முடிந்ததும் காதில் மாட்டிக் கேட்டுவிடு. எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பி உட்கார்ந்திருப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

அந்த மத்தியானம் முழுக்கப் பாடினேன். குக்கர் கத்தியது, ரயில் போயிற்று, ஓர் இடத்தில் இருமினேன். எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் ஒன் மோர் டேக் கேட்கவில்லை. உனக்கு அனுப்பினோம். சவுண்ட் சூப்பர் என்றாய். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அசையாத படம், சுவர், காலண்டர், நடுவில் ஒரு கிழவி என்று நினைத்திருப்பாய். அதுதானடா வேண்டியது.

ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து ஊர் என்னைச் செவிடாக்கிவிட்டது. எனக்குப் பேச்சில்லை என்றால், வருகிறவள் எல்லாம் என் காதருகே வந்து கத்துகிறாள். நீ போன் செய்து, பதில் வராது என்று தெரிந்தும் ஹலோ ஹலோ என்கிறாய். உன் அப்பாவோடு மட்டும் எதுவும் மாறவில்லை. நான் உதட்டை அசைத்தால் போதும், புரிந்துகொள்கிறார். வழக்கம்போல எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறோம். அவர் குரல் மட்டும் வெளியே கேட்பதால், லைன்காரர்களுக்குப் பாதிச் சண்டைதான் கிடைக்கிறது. மீதியைக் கஸ்தூரி வந்து என் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறாள்.

சாயங்காலம் ஆனால் காமிராவை டிவியில் சொருகி என் பாட்டைப் போட்டுக்கொள்வார். ஒரு நாள் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தேன். டிவியில் சத்தமே இல்லை. யாரோ குறைத்து வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. அவர் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. நத்தைக்கொம்பு தேடி, கடையில் நின்று பாடி, சத்தம் சத்தம் என்று நான் அலைந்தது எல்லாம் யாருக்காக? பிறகு சத்தத்தை ஏற்றிவைத்துவிட்டு நானும் உட்கார்ந்து கேட்டேன். எனக்காகத்தான் போலிருக்கிறது. பாப்பாவுக்காகவும்.

இன்று காலை மின்சாரம் இல்லை. அவர் அணைந்த டிவியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "நீ பாடு" என்றார். நான் தொண்டையில் சுற்றியிருந்த கட்டைத் தொட்டுக் காட்டினேன். "மெதுவாத்தான் பாடேன்" என்றார். ஜன்னலுக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். குரலே எழுப்பவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். அம்மன் பாட்டுதான். அவர் கண்ணை எடுக்கவில்லை. தாளம் ஓர் இடத்திலும் தப்பவில்லை. வேப்பிலை வந்தது, மேலே போகிற இடம் வந்தது. அங்கே எப்போதும் தலையை ஆட்டுவார், ஆட்டினார். முடித்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"தொண்ட சரியாய்டுச்சி. டாக்டராண்ட சொல்லிட்லாம்."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். குரல் இருக்கிறதா, போயிற்றா என்று அடுத்த வாரம் டாக்டர் சொல்வார். போயிருந்தாலும் இந்த வீட்டில் ஒருவருக்கு அது போகப்போவதில்லை. இதை நினைத்து அழுதேன். இது கோபத்தில் இல்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட மேடையில் பாப்பா கையில் குண்டு மைக் ஒன்றைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அதை வாயோடு ஒட்டிப் பிடிக்கும். மோவாய்க்குக் கீழே பிடிக்கச் சொல்லி இன்றைக்கே பழக்கு. சீக்கிரம் போய் முன்வரிசையில் உட்கார். காமிராவை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள். அவள் ரிப்பன், கொலுசு, கண்ணிமை எதுவும் வேண்டாம். அவள் பாடுவது என்று நீ இதுவரை அனுப்பிய துண்டுகள் எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார். முடி மெதுவாகப் பறக்கிறது, விளக்கு மங்கி மங்கி எரிகிறது. ஒவ்வொரு தடவையும் என்னிடம், "கொழந்த இன்னா பாடுது?" என்று கேட்கிறார்.

பேத்தி பிறந்து இத்தனை வருஷத்தில் அவள் பாடி அவர் இன்னும் கேட்டதில்லை. அவள் வாய் தெரியட்டும் பாபு. அவர் கேட்கட்டும்.

உன் அம்மா